வேலைக்குப் போன நேரத்தில் பிரசவ வலி வந்துவிட்டால்? இலங்கை மலையகத்து அப்பாமார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளினிக் நாளில் மனைவி உள்ளே போனதும் ஆண்கள் வாசலிலும் ஆட்டோ பக்கத்திலும் நிற்பார்கள். உள்ளே போய் மிட்வைஃபிடம் கேட்கக் கூச்சம். ஆனால் பேச்சுக் கொடுத்தால் மனதில் இருக்கும் பயமெல்லாம் வெளியே வரும். தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவர், தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கிறவர், கொழும்பில் கடையில் நிற்கிறவர், பஸ் ஓட்டுகிறவர் என்று எல்லாரும் சுற்றிச் சுற்றி ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே போட்டுப் பதிலும் எழுதியிருக்கிறேன். உங்கள் மனைவியைப் பரிசோதித்த டொக்டரும் மிட்வைஃபும் வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் அவர்கள் சொன்னபடியே செய்யுங்கள்.

டேட் குடுத்திருக்காங்க. அன்னைக்கு லீவு போட்டா போதும்தானே?

போதாது. அந்தத் தேதி ஒரு கணக்கு, அவ்வளவுதான். கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 40 வாரம் எண்ணிக் குறிக்கிறார்கள். சரியாக அந்த நாளிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நாலைந்து இருந்தால் அதிகம். 37 வாரம் முடிந்த பிறகு எந்த நாளிலும் வலி வரலாம், தேதி தாண்டியும் வரலாம். அதற்கு முன்பே வந்துவிடுகிற பிரசவங்களும் உண்டு.

அத்தனை நாளும் வீட்டில் உட்கார்ந்திருக்க நம்மில் யாருக்கு முடியும்? அதனால் வலி வரும்போது நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள் என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள். இருந்துவிட்டால் நல்லது. இந்தப் பக்கத்தில் வரும் பதில்கள் எல்லாமே இதை வைத்துத்தான் எழுதியவை. கிளினிக் அட்டையில் எத்தனையாவது வாரம் என்று எழுதியிருக்கும். 32, 33 என்று வந்ததும் ஏற்பாடுகளை ஆரம்பித்துவிடுங்கள்.

எந்த ஆஸ்பத்திரிக்குன்னு அப்ப பார்த்துக்கலாமா?

இதை முன்கூட்டியே முடிவு பண்ணியாக வேண்டும். தோட்டத்து மருந்தகத்திலோ பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரியிலோ முதலில் காட்டிவிட்டு, அங்கிருந்து அனுப்பினால் போகலாம் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். அதில் போகும் நேரம் திரும்பி வராது. ஆபரேஷன் தேவைப்பட்டால் செய்யக்கூடிய இடங்கள் டிக்கோயா, நுவரெலியா, நாவலப்பிட்டி, தியத்தலாவை, பதுளை, கண்டி, பேராதனை மாதிரியான பெரிய ஆஸ்பத்திரிகள். அரச ஆஸ்பத்திரியில் பிரசவம் இலவசம்.

அடுத்த கிளினிக்கில் இரண்டு கேள்வி கேளுங்கள். முதலாவது, வலி வந்தால் நேராக எந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்? இரண்டாவது, எங்கள் வீடு இவ்வளவு தூரம், ரோடு இப்படி, வலி வரும்வரை வீட்டில் இருக்கலாமா, முன்னாலேயே வார்டில் சேர வேண்டுமா? ஏற்கெனவே சிசேரியன் ஆனவர், இரட்டைக் குழந்தை, பிரஷர், சுகர் இருப்பவர், குழந்தை குறுக்கே அல்லது கால் கீழாக இருப்பவர் என்றால் இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் வராதீர்கள். டவுனில் சொந்தக்காரர் வீடு இருந்தால் கடைசி வாரங்களில் அங்கே போய் இருப்பதும் நல்ல வழி.

நான் மலையில நிக்கிறேன், அவ லயத்துல இருக்கா. சிக்னலும் இல்ல. எனக்கு எப்படித் தெரியும்?

காலையில் பிரட்டு (வேலைக்கு ஆள் பிரிப்பது) முடிந்து போகும்போது அன்றைக்கு எந்த மலை, எத்தனாம் நம்பர் என்று வீட்டுக்குத் தெரிய வேண்டும். மனைவிக்கு மட்டும் சொன்னால் பற்றாது. வலியில் இருக்கும் பெண்ணுக்கு அதெல்லாம் நினைவில் நிற்காது. லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) பக்கத்துக் காம்பராவில் பகல் முழுக்க இருக்கிற ஒருவரிடமும் சொல்லிவையுங்கள், ஓய்வு பெற்ற பெரியம்மாவோ பிள்ளை மடுவத்து (குழந்தைகள் காப்பகத்து) ஆயாவோ யாராக இருந்தாலும் சரி. வேலையை மேற்பார்க்கிற கங்காணிக்கும் கணக்கப்பிள்ளைக்கும் ‘வீட்டில் நாள் நெருங்கிவிட்டது, ஆள் வந்தால் உடனே சொல்லி அனுப்புங்கள்’ என்று ஒரு வார்த்தை போட்டுவையுங்கள். வெட்கப்படுகிற விஷயம் இல்லை இது.

லயத்தில் ஒரு நெட்வேர்க் எடுக்கும், மலையில் வேறொன்று எடுக்கும். டயலாக் எங்கே விழுகிறது, மொபிடெல் எங்கே விழுகிறது என்று நீங்களே நடந்து பார்த்து, தேவையானால் இன்னொரு சிம் போட்டுக்கொள்ளுங்கள். தொழிற்சாலையில் நிற்கிறவர்களுக்குக் கஷ்டம் வேறு: ரோலர் ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலே கேட்காது, பையில் இருக்கும் போன் எங்கே கேட்கப் போகிறது? அவர்கள் தொழிற்சாலை அலுவலக நம்பரை வீட்டில் கொடுத்து, அந்த ஷிப்டில் போன் எடுப்பவரிடமும் விஷயத்தைச் சொல்லிவைக்க வேண்டும்.

நம்பர்களைப் போனுக்குள் மட்டும் வைக்காதீர்கள். சார்ஜ் இறங்கினால் எல்லாம் போச்சு. ஒரு கார்ட்போட் அட்டையில் மார்க்கர் பேனாவால் பெரிதாக எழுதிக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். உங்கள் நம்பர், கங்காணி அல்லது அலுவலகம், ஆட்டோக்காரர் இரண்டு பேர், மிட்வைஃப், இலவச அம்புலன்ஸுக்கான 1990. எழுத்துக் கூட்டிப் படிக்கிற பத்து வயதுப் பிள்ளையும் பார்த்து அடிக்கிற மாதிரி இருக்க வேண்டும்.

தகவல் வந்ததும் நான் வீட்டுக்கு ஓடிப் போய் கூட்டிட்டுப் போகணுமா, நேரா ஆஸ்பத்திரிக்கா?

நேரே ஆஸ்பத்திரிக்கு. உங்கள் வீடு நீங்கள் போகும் வழியிலேயே இருந்து, வண்டி வருவதற்கு முன் நீங்கள் சேர்ந்துவிடுவீர்கள் என்றால் மட்டும் வீட்டுக்குப் போங்கள்.

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் பதில் சொல்வது. ஏனென்றால் நம் ஆட்களிடம் ‘அவர் வரட்டும்’ என்று ஒரு பழக்கம் இருக்கிறது. வலி வந்துவிட்டது, ஆட்டோவும் ரோட்டில் நிற்கிறது, ஆனால் புருஷன் வராமல் எப்படிக் கிளம்புவது என்று மாமியார் நினைக்கிறார், அம்மா நினைக்கிறார், அந்தப் பெண்ணும் நினைக்கிறாள். அவரோ மேல் மலையிலிருந்து இறங்க வேண்டும், அல்லது டவுனிலிருந்து பஸ் பிடித்து வர வேண்டும். ஒரு மணி நேரம் அப்படியே போய்விடும். அதற்கப்புறம்தான் ஆஸ்பத்திரிக்கான ஒரு மணி நேரப் பாதை ஆரம்பமாகிறது.

இதை மாற்ற உங்களால் மட்டும்தான் முடியும். வீட்டில் எல்லாரும் இருக்கும்போது உட்கார வைத்து, உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்: ‘நான் வரும்வரை நிற்க வேண்டாம். கிளம்பிவிட்டுச் சொல்லுங்கள், நான் அங்கே வந்துவிடுகிறேன்.’ கூடப் போவது யார் என்று பெயர் சொல்லி வையுங்கள், அவர் ஊரில் இல்லாவிட்டால் அடுத்தவர் யார் என்றும். மூத்த பிள்ளை இருந்தால் அதை யார் பார்த்துக்கொள்வது என்பதும் அன்றைக்கே பேசி முடிக்க வேண்டிய விஷயம். இந்தப் பேச்சு நடக்காத வீட்டில் மற்ற எந்த ஏற்பாடும் உதவாது என்பது என் எண்ணம்.

வலிக்குதுன்னு போன் பண்றா. உண்மையான வலியா, சும்மா வலியான்னு நான் எப்படிச் சொல்றது?

நீங்கள் முடிவு சொல்ல வேண்டியதில்லை, நேரம் பார்க்க உதவினால் போதும். ஒரு வலி தொடங்கியதிலிருந்து அடுத்த வலி தொடங்கும்வரை எத்தனை நிமிடம், ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பக்கத்தில் இருப்பவரைக் குறிக்கச் சொல்லுங்கள். பொய் வலி ஒழுங்கில்லாமல் வரும், நடந்தாலோ படுத்தாலோ குறைந்துவிடும். உண்மையான வலி போகப் போக நெருங்கும், நீளும், கூடும். வயிறு கல் மாதிரி இறுகும், வலி இருக்கும் நேரத்தில் அவரால் பேச்சைத் தொடர முடியாது.

முதல் குழந்தை என்றால் 5 நிமிடத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இப்படி ஒரு மணி நேரம் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்குப் பொருந்தும். போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் தோட்டத்தில் அவ்வளவு நெருங்கும்வரை பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. வலி ஒழுங்குக்கு வந்துவிட்டது என்று தெரிந்ததும் கிளம்புங்கள். இரண்டாவது, மூன்றாவது குழந்தை முதலாவதைவிட வேகமாக வரும், அவர்கள் இன்னும் முந்த வேண்டும். ‘இது பொய் வலி’ என்று வார்டில் திருப்பி அனுப்பினால் ஆட்டோக் காசுதான் நட்டம். அதற்காக அவரைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த தடவை வலியை மறைப்பார்.

வலியே இல்லாட்டியும் உடனே போக வேண்டியது எப்பெப்ப?

பனிக்குடம் உடைந்து தண்ணீர் போனால், வலி வராவிட்டாலும் கிளம்ப வேண்டும். எத்தனை மணிக்கு உடைந்தது, என்ன நிறம் என்று பார்த்துவைக்கச் சொல்லுங்கள், வார்டில் கேட்பார்கள். பச்சையாகவோ மண்ணிறமாகவோ இருந்தால் இன்னும் அவசரம். இரத்தம் போவது, குழந்தையின் அசைவு குறைவது, விடாத தலைவலி, கண் மங்குவது, நெஞ்சுக்குழிக்குக் கீழே வலி, வலிப்பு, காய்ச்சல், 37 வாரத்துக்கு முன் வரும் வலி, இவற்றில் எது வந்தாலும் காத்திருக்கக் கூடாது. அசைவு குறைந்தால் ‘குழந்தை தூங்குது, காலையில் பார்க்கலாம்’ என்று சொல்லும் பெரியவர்கள் இருப்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள்.

மிக அரிதாக, தண்ணீர் உடைந்ததும் தொப்புள்கொடி வெளியே தெரியும். அப்போது அவரை முழங்காலும் நெஞ்சும் தரையில் படும்படி, இடுப்பு மேலே இருக்கும்படி குப்புற வைத்து, கொடியை உள்ளே தள்ளாமல் உடனே 1990க்கு அடிக்க வேண்டும்.

1990க்கு அடிச்சா தோட்டத்துக்குள்ள வருவாங்களா? காசு எவ்வளவு?

காசு இல்லை. சுவசெரிய அம்புலன்ஸ் 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி அப்புறம் நாடு முழுக்க வந்த இலவச சேவை. தமிழிலேயே பேசலாம். தோட்டத்துக்கும் வருவார்கள், ஆனால் இடத்தைக் கண்டுபிடிக்கிற மாதிரி நாம் சொல்ல வேண்டும்.

இங்கேதான் நம் ஊர்களில் ஒரு சிக்கல். தோட்டத்துக்கு நாம் கூப்பிடும் பெயர் ஒன்று, போர்டில் இருக்கும் பெயர் வேறு. நாம் கூப்பிடும் பெயர் வெளியூர் டிரைவருக்குத் தெரியாது. பதிவில் உள்ள தோட்டப் பெயர், டிவிசன், பக்கத்து டவுன், எந்த ரோட்டிலிருந்து திரும்புவது, திரும்பும் இடத்தில் கோயிலா பாடசாலையா தொழிற்சாலையா என்பதையெல்லாம் நான் மேலே சொன்ன கதவு அட்டையிலேயே எழுதிவையுங்கள். லயம்வரை வண்டி வராது என்றால் எந்த இடம்வரை வரும் என்பதையும் எழுதுங்கள். சந்தியில் டோர்ச் லைட்டோடு ஓர் ஆளை நிறுத்துங்கள். அங்கிருந்து வீட்டுக்குப் படியிறங்க வேண்டும் என்றால் நல்ல கை வைத்த நாற்காலி ஒன்று எந்த வீட்டில் இருக்கிறது, தூக்க நாலு பேர் யார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

அம்புலன்ஸ் தூரத்தில் இருக்கிறது, நேரமாகும் என்று சொன்னால் ஆட்டோவில் கிளம்பிவிட்டு வழியில் சந்திக்கலாமா என்று அவர்களிடமே கேளுங்கள். தோட்டத்து அம்புலன்ஸ் அல்லது லொறி இருந்தால் ராத்திரியில் சாவி யாரிடம் இருக்கும் என்று இப்போதே விசாரித்துவையுங்கள்.

நடுராத்திரியில ஆட்டோவுக்கு எங்க போறது?

இரண்டு ஆட்டோக்காரர்களிடம் முன்கூட்டியே பேசுங்கள். ஒருவர் போதும் என்று நினைக்காதீர்கள், அவரும் ஹயருக்குப் போயிருப்பார். எந்த ஆஸ்பத்திரி, ராத்திரியில் எவ்வளவு என்று பேசி முடித்து, அந்தக் காசை ஒரு கவரில் போட்டு மனைவியிடம் கொடுத்துவிடுங்கள். உங்கள் சட்டைப் பையில் இருக்கும் காசு நீங்கள் மலையில் இருக்கும்போது அவருக்கு உதவாது. வண்டியில் அவரை இடது பக்கமாகச் சாய்ந்து இருக்கச் சொல்லுங்கள், மல்லாந்து படுக்க வேண்டாம்.

சம்பள நாள்ல கொஞ்சம் போட்டா என்ன? தினமும் குடிக்கிற ஆள் இல்ல நான்.

36 வாரத்திலிருந்து குழந்தை பிறக்கும்வரை வேண்டாம். நினைவோடு இருக்கும் ஓர் ஆண் அந்த ராத்திரி வீட்டில் தேவை. அம்புலன்ஸுக்கு வழி சொல்ல, நாற்காலி தூக்க, டொக்டர் சொல்வதைக் கேட்டுப் புரிந்துகொள்ள என்று வேலை நிறைய இருக்கிறது. உங்கள் நண்பர்களிடமும் இதைச் சொல்லிவிடுங்கள். நாலு பேரும் ஒன்றாகக் குடித்திருந்தால் தூக்க ஆள் இருக்காது.

மழைக்காலத்துல டேட் வருது. ரோட்டுல மண் சரிஞ்சா என்ன பண்றது?

மே முதல் செப்டம்பர்வரை ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் அடை மழை. டிசம்பரிலிருந்து பதுளை, பசறை, லுணுகலைப் பக்கம். ஒக்டோபர், நவம்பரில் எங்கே வேண்டுமானாலும் கொட்டும். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் லயங்களே மண்ணுக்குள் போனதையும், 2025 நவம்பரில் டித்வா புயலோடு மலைப் பாதைகள் துண்டு துண்டாகப் போனதையும் நாம் மறக்க மாட்டோம். அதனால் இந்த மாதங்களில் நாள் நெருங்குகிறது என்றால் முன்பே சொன்ன மாதிரி ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் போய் இருப்பது, அல்லது முன்னாலேயே வார்டில் சேர்வதைப் பற்றிக் கேட்பதுதான் பாதுகாப்பு. மண்சரிவு எச்சரிக்கை வந்த பிறகு யோசிப்பது தாமதம்.

இன்னொரு ரோடு இருக்கிறதா, அந்த ரோட்டில் போனால் எந்த ஆஸ்பத்திரி கிட்ட என்று பார்த்துவையுங்கள். கிளினிக் நடந்த இடத்தைவிட்டு வேறு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தாலும் சேர்த்துக்கொள்வார்கள், கிளினிக் அட்டை கையில் இருக்க வேண்டும். பாதை அடைபட்டுவிட்டால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கும் 1990க்கும் சொல்லுங்கள்.

பையில என்னென்ன வைக்கிறது?

கிளினிக் அட்டை, ஸ்கேன், இரத்தப் பரிசோதனைத் தாள்கள், அடையாள அட்டை. இவை முதலில், பொலித்தீனில் சுற்றி. அப்புறம் அவருக்கு மாற்றுடுப்பு, பெட்ஷீட், பேட், ஃப்ளாஸ்க், கப், செருப்பு. குழந்தைக்குத் துணிகள், கம்பளித் தொப்பி, காலுறை, போர்வை. நுவரெலியாக் குளிரில் தொப்பியை மறக்கவே கூடாது. ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் ஒரு பட்டியல் வைத்திருக்கும், கிளினிக்கிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். பை கதவுப் பக்கத்து ஆணியில் தொங்கட்டும்.

எனக்கு லீவு உண்டா? துரை (தோட்ட மேனேஜர்) தர மாட்டேன்னா?

அரச ஊழியருக்கு 3 நாள் தந்தையர் விடுமுறை உண்டு. தோட்டத்திலும் கடைகளிலும் தனியார் கம்பனிகளிலும் அப்பாவுக்கு லீவு கொடுத்தே ஆக வேண்டும் என்ற சட்டம் இதுவரை இல்லை. சில கம்பனிகள் தாமாகக் கொடுக்கின்றன. தாய்மாருக்கு அப்படியில்லை. 1939ஆம் ஆண்டுத் தாய்மைச் சலுகைச் சட்டம் தோட்டத் தொழிலாளருக்கும் பொருந்தும், 2018 திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளையாக இருந்தாலும் 84 நாள்.

ஆகவே உங்கள் லீவு பேசி வாங்குகிற லீவு. இரண்டு மாதம் முன்னாலேயே பேசுங்கள். எந்த வாரம்முதல் எந்த வாரம்வரை என்று சொல்லுங்கள், திடீரென்று போனால் உங்கள் வேலையை எடுக்கிற ஆளையும் நீங்களே காட்டுங்கள். ‘பாதியில் இறங்கினால் அரைப் பேராவது (அரை நாள் சம்பளமாவது) போடுவீர்களா’ என்று இப்போதே கேட்டுவைத்தால் அன்றைக்கு வாக்குவாதம் இருக்காது. இரவு ஷிப்டிலிருந்து அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் பகலுக்கு மாற்றக் கேட்டுப் பாருங்கள், பலருக்குக் கிடைத்திருக்கிறது. கிடைக்காவிட்டால் தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடமோ சங்கத் தலைவரிடமோ சொல்லுங்கள்.

நான் கொழும்புல கடையில நிக்கிறேன். கேள்விப்பட்டதும் ஏறினா நேரத்துக்கு வந்துடலாமா?

முதல் குழந்தை என்றால் பெரும்பாலும் வரலாம். முதல் பிரசவம் அரை நாளுக்கு மேலும் போகும். ஹட்டனுக்கு ரோட்டில் நாலைந்து மணி நேரம், பதுளைக்கு அதைவிடக் கூட. இரண்டாவது குழந்தை என்றால் நீங்கள் கினிகத்தேனை ஏறும்போதே பிறந்திருக்கலாம். கடையில் ஒரு சின்னப் பையும் பயணக் காசும் தயாராக இருக்கட்டும். பகலில் எத்தனை மணிக்கு என்ன பஸ், ராத்திரி எது கடைசி என்று ஒரு தடவை போய்ப் பார்த்து வையுங்கள். முதலாளியிடம் முடிந்தால் 38 வாரத்திலிருந்து லீவு கேளுங்கள்.

ராத்திரியில் நண்பனின் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். பனி மூட்டம், தூக்கக் கலக்கம், மனப் பதற்றம் மூன்றும் சேர்ந்தால் அந்த வளைவுகளில் ஆபத்து. பஸ், வேன் ஓட்டுகிறவர்களும் இப்படித்தான்: ஓட்டும்போது வீட்டு அழைப்பை கண்டக்டர் எடுக்கட்டும், நீங்கள் வண்டியை நிறுத்திவிட்டுப் பேசுங்கள்.

நான் கையெழுத்துப் போடாட்டி ஆபரேஷன் பண்ண மாட்டாங்களாமே? ரத்தமும் நான்தான் குடுக்கணுமாமே?

இரண்டும் தவறு. உங்கள் மனைவி வயது வந்தவர், அவருடைய உடம்புக்கு அவருடைய சம்மதக் கையெழுத்தே போதும். அவசரத்தில் உங்களுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இதை அவருக்கும் சொல்லிவையுங்கள், ‘அவர் வந்து போடட்டும்’ என்று அவரே தயங்கிவிடக் கூடாது. இரத்தம் தேசிய இரத்த வங்கியிலிருந்து வருகிறது. அது முழுக்க முழுக்கத் தானமாகக் கிடைப்பது, பதிலுக்கு இரத்தம் தர ஆள் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். அவருடைய குரூப் அட்டையில் எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

லேபர் ரூமுக்குள்ள என்னை விடுவாங்களா?

ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி வேறு. பல அரச ஆஸ்பத்திரிகளில் ஒரே அறையில் பல பெண்கள் இருப்பதால் ஆண்களை விடுவதில்லை, ஆனால் அம்மாவோ அக்காவோ துணைக்கு நிற்க விடும் இடங்கள் உண்டு. முன்பே கேட்டு, துணைக்குப் போகிறவரைக் கிளினிக் வகுப்புக்கும் அனுப்புங்கள். மிஸ்ஸிமார் (நர்ஸ்மார்) சிங்களத்தில் மட்டும் பேசும் வார்ட் என்றால் கொஞ்சம் சிங்களம் தெரிந்தவரைத் துணையாகத் தெரிவு செய்வது பெரிய உதவி. உங்களை உள்ளே விடாவிட்டாலும் வெளியே நீங்கள் இருப்பது அவருக்குத் தெரிந்தால் அதுவே தெம்பு. போனை ஆன் பண்ணி வைத்துக்கொண்டு, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருங்கள்.

ராகு காலத்துல வலி வந்தா?

உடனே கிளம்புங்கள். சாமியைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள், நேரத்துக்காக நிற்காதீர்கள்.

போற வழியிலேயே பிறந்துட்டா? நினைச்சாலே கை நடுங்குது.

வண்டியை ஓரமாக நிறுத்தி 1990க்கு அடித்து, ஸ்பீக்கரில் போட்டு அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். நீங்கள் கூட இல்லாமலும் இது நடக்கலாம் என்பதால் துணைக்குப் போகிறவருக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள். குழந்தையை இழுக்கக் கூடாது, தானாக வரும், கையால் தாங்கிக்கொண்டால் போதும். வந்ததும் சுத்தமான துணியால் நன்றாகத் துடைத்து, அம்மாவின் வெறும் நெஞ்சோடு சேர்த்து வைத்து, இரண்டு பேரையும் சேர்த்து மூடி, குழந்தைக்குத் தொப்பி போடுங்கள். நம் ஊர்க் குளிரில் இது மிக முக்கியம். அழாவிட்டால் முதுகைத் துணியால் அழுத்தித் தேய்த்துவிடுங்கள்.

தொப்புள்கொடியை வெட்ட வேண்டாம், இழுக்க வேண்டாம். நஞ்சுக்கொடி தானாக வந்தால் ஒரு பையில் போட்டுக் குழந்தையோடேயே வைத்துக் கொண்டுபோங்கள். நஞ்சுக்கொடி வந்த பிறகு இரத்தம் அதிகமாகப் போனால் தொப்புளுக்குக் கீழே வயிற்றை அழுத்தித் தேய்த்துவிட்டு, குழந்தையைப் பால் குடிக்க வையுங்கள். எல்லாம் நல்லபடியாகத் தெரிந்தாலும் வீட்டுக்குத் திரும்பாமல் ஆஸ்பத்திரிக்கே போங்கள்.

மருந்து அடிச்சுட்டு இருந்தேன், அப்படியே ஓடி வந்துட்டேன். குழந்தையைத் தூக்கலாமா?

அந்த உடுப்போடு வேண்டாம். களைநாசினியும் பூச்சி மருந்தும் துணியிலும் தோலிலும் ஒட்டியிருக்கும். குளித்து, சவர்க்காரம் போட்டுக் கழுவி, உடுப்பு மாற்றிவிட்டுத் தூக்குங்கள். இதற்காகவே வேலைத்தளத்தில் ஒரு சட்டை, சாரம், துவாய், சவர்க்காரம் வைத்திருங்கள். அந்த உடுப்பைக் குழந்தைத் துணியோடு சேர்த்துத் துவைக்கவும் கூடாது.

எங்க கல்யாணம் கோயில்லதான் நடந்துச்சு, பதிவு பண்ணல. பிள்ளை பதிவுக்குப் பிரச்சினை வருமா?

வரும். பிறப்பைப் பதியும்போது பெற்றோரின் விவாகச் சான்றிதழைக் கேட்பார்கள். அது இல்லாமல் அப்பாவின் விவரங்களைச் சேர்க்க இரண்டு பேரும் சேர்ந்து போய்க் கேட்டுக் கையொப்பமிட வேண்டியிருக்கும். நீங்கள் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருந்தால் அது இழுபடும். குழந்தை பிறப்பதற்கு முன்பே, ஏற்பாடுகள் தொடங்கும் அந்த 32ஆவது வாரத்திலேயே விவாகப் பதிவாளரிடம் போய்ப் பதிந்துவிடுங்கள்.

சான்றிதழைப் பையில் மற்றத் தாள்களோடு வையுங்கள். பிறப்பை 42 நாட்களுக்குள் பதிய வேண்டும். 3 மாதம் தாண்டினால் காலங்கடந்த பதிவு, அதற்கு அலைச்சல் அதிகம். நீங்கள் திரும்பி வேலைக்குப் போயிருந்தாலும் அம்மாவே போய்ப் பதியலாம். பெயரின் எழுத்துகளை ஒரு தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் தெளிவாக எழுதிக் கொடுத்தனுப்புங்கள். பதிவாளர் எழுதியதைக் கையொப்பம் வைக்கும் முன் வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஓர் எழுத்துப் பிழை பாடசாலை, அடையாள அட்டை, சேமலாப நிதிவரை பிள்ளையோடு போகும்.